ஸ்குவீக்கின் லினக்ஸ் பொதியில் மட்டும் சில செருகுநிரல்கள் ஏன் கிடைப்பதில்லை?

ஸ்குவீக் என்ற நிரலாக்கச் சூழலில் நீங்கள் எழுதி, விண்டோஸில் ஒழுங்காக ஓடும் நிரல், தரவிறக்கிய லினக்ஸ் பொதியில் மட்டும் 'பிரிமிட்டிவ் பெயில்ட்' (அடிப்படைச் செயல் தோல்வி) என்று நின்றுவிடுகிறது என்கிறீர்கள். உங்கள் நிரலில் பிழை தேடுவதற்கு முன், ஸ்குவீக்குக்குக் கூடுதல் வேலைகளைச் செய்துகொடுக்கும் துணை நிரல்களான செருகுநிரல்கள் உள்ள கோப்புறையைத் திறந்து பாருங்கள்.

திருகோணமலை உவர்மலையில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். ஸ்குவீக்கின் மீது கட்டப்பட்ட, பிள்ளைகள் ஒரு பூனை உருவத்தை இயக்கி நிரலாக்கம் பழகும் ஸ்க்ராட்ச் 1.4 பதிப்பைப் பழைய கணினிகளில் நிறுவியிருந்தபோது, பூனையை 'வணக்கம்' சொல்லவைத்த ஒரு பிள்ளை, "சேர், பூனை கேள்விக்குறியாத்தான் கதைக்குது" என்று கூப்பிட்டாள். எழுத்துருவில்தான் குறை என்று நினைத்து இரண்டு மாலைகளை வீணாக்கினேன். உண்மையில், லினக்ஸில் அந்தப் பதிப்பு தமிழை வரைவதற்கு யூனிகோட் செருகுநிரலையும், அது எழுத்துகளை வரிசைப்படுத்தி அமைக்கும் பாங்கோ என்ற நூலகத்தையும் நம்பியிருக்கின்றன. செருகுநிரல் கோப்பு இருந்தது; ஆனால் ஒரு கோப்புக்கு எந்த நூலகங்கள் தேவை என்று காட்டும் எல்டிடி (ldd) கட்டளையை அதன் மீது ஓட்டியபோது பாங்கோவுக்கு நேரே 'நொட் பவுண்ட்' (கிடைக்கவில்லை) என்று வந்தது. செருகுநிரல் 32 பிட், கணினியில் இருந்த பாங்கோ 64 பிட். 32 பிட் பாங்கோவை நிறுவியதும் பூனை வணக்கம் சொல்லிவிட்டது.

கோப்பே இல்லையென்றால் கதை வேறு. ஸ்குவீக் நிரல்களை இயக்கும் அடித்தள மென்பொருளான மெய்நிகர் இயந்திரத்தில் சில செருகுநிரல்கள் உள்ளேயே சேர்த்துத் தொகுக்கப்படும். மற்றவை தனிக் கோப்புகளாக இருந்து, தேவைப்படும் கணத்தில்தான் ஏற்றப்படும். எவை எந்த வகை என்பதை மூலநிரலில் உள்ள இரண்டு பட்டியல் கோப்புகள் தீர்மானிக்கின்றன. இரண்டிலும் பெயர் இல்லாதது தொகுக்கப்படாது. பட்டியலில் பெயர் இருந்தாலும், பொதி செய்பவரின் கணினியில் அதற்குரிய நூலகத்தின் தலைப்புக் கோப்புகள் (தொகுக்கும்போது தேவைப்படும் விவரக் கோப்புகள்) இல்லாவிட்டால், அமைவுக் கட்டத்திலேயே அது விலக்கப்பட்டு, மீதி எந்தத் தடங்கலும் இல்லாமல் தொகுக்கப்பட்டுவிடலாம். ஆயிரக்கணக்கான வரிகள் ஓடும் திரையில் அந்த ஒரு வரியை யார் கவனிப்பார்கள்? பொதி செய்தவரைத் திட்டவும் எனக்கு மனமில்லை. அவருக்கு அது தேவைப்பட்டிராது.

தலைப்புக் கோப்புகள் அடங்கிய அந்த நூலகத்தின் மேம்பாட்டுப் பொதியை நிறுவிவிட்டு நீங்களே தொகுப்பது சிறந்த வழி. இன்னொரு பொதியிலிருந்து கோப்பை எடுத்தால், அதுவும் உங்கள் மெய்நிகர் இயந்திரமும் ஒரே பிட் அளவா என்று பார்த்து, 'பிளகின்ஸ்' (-plugins) தெரிவின் மூலம் அதன் கோப்புறையைக் காட்டி இயக்குங்கள். விண்டோஸின் டிஎல்எல் கோப்பு இங்கே உதவாது. கோப்பு இருந்தும் பிழை தொடர்ந்தால், எல்டிடி காட்டும் வரிகளை அப்படியே இங்கே இடுங்கள்.