டேப்லெட்டில் மட்டும் இணையம் ஏன் மெதுவாக இருக்கிறது?

கைபேசியில் தடையின்றி ஓடும் வீடியோ, அதே வைஃபையில் டேப்லெட்டில் மட்டும் நின்று நின்று ஓடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடுதல் கட்டணத் திட்டத்துக்கு அவசரப்பட்டு மாறாதீர்கள். முதலில் டேப்லெட்டை ரௌட்டருக்குப் பக்கத்தில் வைத்து வேகத்தை அளந்து பாருங்கள். பிறகு வழக்கமாக உட்காரும் இடத்தில் அளந்து பாருங்கள். பெரிய வித்தியாசம் தெரிந்தால், குறை இணைப்பில் இல்லை. இடையில் உள்ள தூரத்திலும் சுவர்களிலும்தான்.

பல ரௌட்டர்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. 2.4 வெகுதூரம் எட்டும், ஆனால் நெரிசல் மிகுந்தது. அதற்குள் இருக்கும் சானல்களில், அதாவது எண்ணிட்ட தனித்தனித் தடங்களில், ஒன்றோடொன்று மோதாதவை வழக்கமாக 1, 6, 11 ஆகிய மூன்றே. அக்கம்பக்கத்து ரௌட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான் முட்டி மோதுகின்றன. அடுப்பு ஓடும் நேரத்தில் வீடியோ திணறுகிறதா என்று கவனியுங்கள், உண்மை விளங்கிவிடும். 5 வேகமானது, சுவர்களைத் தாண்டினால் வலுவிழக்கும்.

உங்கள் ரௌட்டர் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் காட்டினால், 5-ஐத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பெயர் கைபேசியில் தெரிந்து டேப்லெட்டில் தெரியாவிட்டால், டேப்லெட்டில் அந்த வசதி இல்லை என்றே பெரும்பாலும் பொருள். அப்போது ரௌட்டரை அலமாரியிலிருந்து வெளியே எடுத்து உயரமான இடத்தில் வைப்பதே நல்ல வழி. வேகத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் செயலிகளை நிறுவவே வேண்டாம்.