தோட்டத்தில் பிறந்தவள் சமூகவியல் படிக்கலாமா?

கேள்வி: அக்கா, வணக்கம். எனக்கு 26 வயது. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தேன். எனக்கு மூன்று வயதாகும்போது லயத்தை (தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) இடித்துவிட்டார்கள். டவுனில் ஒரு தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்துவிட்டோம். அம்மாவுக்கு பேக்டரியில் இரவு ஷிப்ட் என்பதால் பாட்டி கையில்தான் வளர்ந்தேன். மனிதவள நிர்வாகத்தில் பட்டம் வாங்கி, ஈப்போவில் ஒரு நிறுவனத்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன். சிஜிபிஏ (பட்டப்படிப்பின் மொத்தப் புள்ளிச் சராசரி) 2.91. சமூகவியலில் முதுகலை படிக்க ஆசை. போன வருடம் ‘மலேசிய இந்தியர்களின் சமூகப் பிரச்சினைகள்’ என்ற தலைப்பில் விண்ணப்பித்தேன். பொருத்தமான மேற்பார்வையாளர் இல்லை என்று நிராகரித்துவிட்டார்கள். மாமா, “எம்பிஏ படி, சமூகவியல் சோறு போடாது” என்கிறார். என் ஆங்கிலமும் சுமார்தான். வேலையை விடலாமா? எங்கள் தோட்டத்து ஆட்களைப் பற்றியே ஆய்வு செய்யலாமா?
— பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன். உன் கடிதத்தில் நிராகரிப்பைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருந்தாய். இடம் கருதி அதைச் சுருக்கியிருக்கிறேன். எனக்கு மனதில் நின்றது வேறு ஒரு வரி: அம்மாவுக்கு இரவு ஷிப்ட், நான் பாட்டி கையில் வளர்ந்தேன். போகிற போக்கில் எழுதிவிட்டாய். உன் ஆய்வுத் தலைப்பு அதற்குள்தான் இருக்கிறது.

முதலில் அந்த நிராகரிப்பு. ‘மலேசிய இந்தியர்களின் சமூகப் பிரச்சினைகள்’ என்று எழுதினால் எந்தப் பேராசிரியராலும் அதை மேற்பார்வை செய்ய முடியாது. குடியா, படிப்பா, வீடா, வேலையா, எதைப் பார்க்கப் போகிறாய் என்று அவருக்குத் தெரியாது. நானும் கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைதான். முப்பது வயதுக்கு மேல் சமூகவியலில் முதுகலை படித்தேன். முதல் தடவை பதினான்கு பக்கத்துக்கு முன்மொழிவு எழுதிக்கொண்டு போனேன். பக்கத்துக்குப் பக்கம் நம் மக்கள் படும் பாடு. அந்தப் பேராசிரியர் பொறுமையாகப் படித்துவிட்டு, “எந்தத் தோட்டம்? எந்த வருஷம்? யாரிடம் கேட்கப் போகிறீர்கள்?” என்றார். மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. இப்போது யோசித்தால், அதைவிடப் பெரிய உதவியை எனக்கு யாரும் செய்யவில்லை. கஷ்டத்தைச் சொல்வது வேறு, கேள்வி கேட்பது வேறு.

சரி, உன் வரிக்கு வருவோம். லயத்தில் இருந்தவரை பிள்ளையை யார் பார்த்தது? ஆயாக்கொட்டகை, அதாவது தோட்டத்துக் குழந்தைக் காப்பகம். விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகிற பெண்கள், தூங்குகிற பிள்ளையைத் துணியில் சுற்றி ஆயாவிடம் கொடுத்துவிட்டுத்தான் ரப்பர் மரம் சீவப் போனார்கள். அது தோட்ட நிர்வாகம் போட்ட பிச்சை இல்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வசதிகளுக்காக 1990-இல் வந்த சட்டத்திலும் குழந்தைக் காப்பகத்துக்குத் தனி விதிகள் உண்டு. லயம் போனதும் வீடு போனதைப் பற்றிப் பேசினோம், கோயிலைப் பற்றிப் பேசினோம், தமிழ்ப்பள்ளி நிலத்தைப் பற்றிப் பேசினோம். ஆயாக்கொட்டகை போனதை யார் பேசினார்கள்? வேலைத்தளத்துக்குப் பக்கத்திலேயே பிள்ளையை விடும் ஏற்பாடு ஒரே நாளில் இல்லாமல் போய், அந்தச் சுமை அப்படியே பாட்டிகள் தலையில் இறங்கியது. ‘சுங்கை சிப்புட் வட்டாரத்தில் லயம் மூடப்பட்ட பிறகு, தொழிற்சாலை வேலைக்குப் போன தமிழ்ப் பெண்களின் பிள்ளைகளை யார், எப்படி வளர்த்தார்கள்?’ இது ஒரு கேள்வி. இதை ஒருவர் இரண்டு வருடத்தில் செய்து முடிக்க முடியும்.

உன் அம்மா உன்னை விட்டுவிட்டுப் போன குற்ற உணர்வை எங்கோ சுமந்துகொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். ஒருத்தி தன் பிள்ளையைப் பார்க்க முடியாமல் போனால் அது வீட்டு விஷயம். ஒரு பேக்டரி பஸ்ஸில் இருக்கிற பெண்கள் அத்தனை பேருக்கும் அதே நிலை என்றால் அது வீட்டு விஷயம் இல்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959-இல் எழுதியது சாராம்சத்தில் இதுதான்: தனி மனிதரின் துன்பத்துக்கும் பொதுப் பிரச்சினைக்கும் நடுவில் உள்ள தொடர்பைக் காண்பதே இந்தத் துறையின் வேலை. மாமாவிடம் இதைச் சொல்லிப் பார்.

சுங்கை சிப்புட்டுக்கு வரலாற்றில் இடம் இருக்கிறது. 1948 ஜூன் 16-இல் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் பாடப்புத்தகத்தில் உண்டு. ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் உங்கள் ஊர்க்காரர். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், தொழிலாளர்கள் சேர்ந்து தோட்டம் வாங்குவதற்காகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர். இவ்வளவும் எழுதப்பட்டுவிட்டது. உங்கள் லயத்து ஆயாவின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

விண்ணப்பிக்கும் முன் இரண்டு மானிடவியலாளர்களைப் படித்துவிடு. ஆர்.கே. ஜெயின் மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்திலேயே தங்கி, அங்கிருந்த தென்னிந்தியத் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய நூல் 1970-இல் வந்தது. பினாங்கில் பிறந்த ஐவா ஓங், கோல லங்காட்டில் தொழிற்சாலைக்குப் போன மலாய் இளம் பெண்களைப் பற்றி எழுதியது 1987-இல். ஒருவர் தோட்டத்தைக் காட்டுகிறார், மற்றவர் பேக்டரியைக் காட்டுகிறார். அந்த இரண்டுக்கும் நடுவில் நடந்துபோன தமிழ்ப் பெண்தான் உன் அம்மா. முன்மொழிவில் ‘இதுவரை வந்த ஆய்வுகள்’ என்கிற பகுதியை இங்கிருந்து தொடங்கலாம்.

விண்ணப்ப முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் நாட்டில் முதுகலை மூன்று விதம்: முழுக்க ஆய்வு, முழுக்கப் பாடங்கள், இரண்டும் கலந்தது. பாடங்கள் உள்ளதற்குக் குறைந்தது 40 கிரெடிட் வேண்டும். முழு ஆய்வுக்குக் கிரெடிட் கணக்கு இல்லை, ஆய்வேடுதான் எல்லாம். உன் பட்டம் வேறு துறை என்பதால் கலந்த முறையைத்தான் நான் சொல்வேன். முதல் வருடம் கோட்பாடும் ஆய்வு முறையியலும் வகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். அவை தெரியாமல் நேரே களத்துக்குப் போனால் மூன்று மாதத்தில் திகைத்துப் போவாய். எங்கே எந்த முறை இருக்கிறது என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல், சமூகவியல் துறை தனியாக இருக்கிறது. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும், பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகத்திலும் சமூக அறிவியல் புலத்துக்குள் இருக்கிறது. தகுதி பொதுவாக சிஜிபிஏ 2.50. உன்னுடைய 2.91 போதும். சில இடங்களில் முன்தேவைப் பாடம் ஒன்றிரண்டு எடுக்கச் சொல்வார்கள், பயப்படாதே.

இந்தத் தடவை பாரத்தை நிரப்புவதற்கு முன் ஆளைத் தேடு. துறையின் பக்கத்தில் விரிவுரையாளர்கள் என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று இருக்கும். குடும்பம், பெண் உழைப்பு, இடப்பெயர்வு பற்றி எழுதியவர்கள் மூன்று பேரைப் பிடி. அவர்கள் தமிழர்களாக இருக்க வேண்டும் என்று தேடாதே. எனக்குக் கிடைத்த மேற்பார்வையாளருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அதனாலேயே நான் ஒவ்வொன்றையும் விளக்க வேண்டி வந்தது, விளக்கும்போதுதான் எனக்கே புரிந்தது. மின்னஞ்சல் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நான் யார், என் கேள்வி என்ன, உங்கள் எந்தக் கட்டுரையைப் படித்தேன், யாரிடம் பேசப் போகிறேன், அவ்வளவுதான். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் மரியாதையாக இன்னொரு முறை எழுது.

ஆங்கிலம் பற்றி: ஆய்வேட்டை மலாயிலும் எழுதலாம். உன் மலாய் நன்றாக இருந்தால் அதில் எழுது, அதில் ஒரு குறைவும் இல்லை. ஆனால் படிக்க வேண்டியவை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதனால் தினமும் பத்துப் பக்கம் இப்போதிருந்தே படி. பேட்டிகள் தமிழில் நடக்கும். பெரட்டு, லயம், ஆயாக்கொட்டகை என்ற சொற்களை மொழிபெயர்த்துக் கெடுத்துவிடாதே. அப்படியே வைத்து, பக்கத்தில் விளக்கம் கொடு.

அப்புறம், உன் முக்கியமான கேள்வி. உங்கள் தோட்டத்து ஆட்களைப் பற்றியே ஆய்வு செய்யலாமா? செய்யலாம். ஆனால் வெளியாளைவிட உனக்குத்தான் அது கஷ்டம். நான் முதலில் பேட்டி எடுத்தது என் சொந்த அத்தையை. எது கேட்டாலும், “உனக்குத் தெரியாததாம்மா?” என்றார். முக்கால் மணி நேரம் பதிவு செய்து ஒன்றும் தேறவில்லை. வெளியூர்க்காரி கேட்டிருந்தால் ஆதியோடு அந்தமாகச் சொல்லியிருப்பார். அடுத்த முறை ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுபோய், “அத்தை, நம் லயத்தை வரைந்து காட்டுங்கள், எந்தக் கதவில் யார் இருந்தார்கள்?” என்று கேட்டேன். முதல் கதவிலிருந்து தொடங்கினார். நான்காவது கதவுக்கு வந்தபோது அழுதுவிட்டார். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று எனக்கு அதுவரை தெரியாது. அன்றைக்கு மதியம் தொடங்கிய பேச்சு விளக்கு வைக்கிற நேரம் வரை போனது.

இன்னொன்று கையெழுத்து. பல்கலைக்கழக நெறிமுறைக் குழு சம்மதப் பாரம் கேட்கும். நம் பெரியவர்கள் பலர் ஏதோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத்தான் வீட்டை விட்டார்கள். பாரத்தை நீட்டினாலே முகம் மாறிவிடும். வாய்மொழிச் சம்மதத்தைப் பதிவு செய்ய அனுமதி கேட்டு, காரணத்தையும் எழுது. குழு கேட்டுக்கொள்ளும். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. மூன்றாவது லயத்துக் கடைசி வீட்டுக் கடைக்காரம்மா என்று எழுதினாலே ஊருக்குத் தெரிந்துவிடும். சில விஷயங்களை அவர்கள் மகள் என்று நம்பிச் சொல்வார்கள், ஆய்வாளர் என்று நினைத்துச் சொல்ல மாட்டார்கள். அப்படிச் சொன்னதை ஆய்வேட்டில் போடாதே, எவ்வளவு நல்ல தகவலாக இருந்தாலும் சரி. குறிப்புகளை இரண்டு மூன்று இடத்தில் வைத்துக்கொள். இந்தியச் சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் பல வருடம் சேர்த்துத் தொகுத்த ராம்புரா கிராமத்துக் குறிப்புகள் 1970-இல் அமெரிக்காவில் தீயில் எரிந்தன. அந்தக் கிராமத்தைப் பற்றிய நூலின் பெரும்பகுதியை நினைவிலிருந்து எழுத வேண்டியதாயிற்று.

வேலையை இப்போது விடாதே. மேற்பார்வையாளர் சம்மதித்து, சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த பிறகு முடிவு செய். பகுதி நேரமாகவும் படிக்கலாம், ஆனால் களப்பணி மாதங்களில் விடுப்பு கிடைக்குமா என்று முதலாளியிடம் முன்கூட்டியே கேள். ஆராய்ச்சி நிதி வைத்திருக்கும் பேராசிரியர்கள் மாணவர்களை உதவியாளராக எடுத்து மாதச் சம்பளம் கொடுப்பதுண்டு, வெட்கப்படாமல் விசாரி. உன் சேமநிதியில் (இபிஎப்) செஜாத்ரா என்ற கணக்கிலிருந்து படிப்புக்குப் பணம் எடுக்கலாம். அம்மாவும் தன் கணக்கிலிருந்து உனக்காக எடுக்க விதி இடம் கொடுக்கிறது. அவர் முன்வந்தாலும் வேண்டாம் என்று சொல். இத்தனை வருட இரவு ஷிப்டின் காசு அது.

மாமா சொல்வதில் பாதி உண்மை. இந்தப் பட்டத்தைக் காட்டினால் உடனே வேலை கொடுக்க யாரும் காத்திருக்கவில்லை. ஆனால் பேட்டி எடுக்கவும், புள்ளிவிவரம் படிக்கவும், அறிக்கை எழுதவும் தெரிந்தவர்களுக்கு ஆய்வு நிறுவனங்களிலும் தொண்டு அமைப்புகளிலும் மனிதவளத் துறையிலும் இடம் உண்டு. உனக்கு ஏற்கெனவே மனிதவளப் பட்டம் கையில் இருக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டியிடம் ஒரு தாளும் பென்சிலும் கொண்டுபோ. நெறிமுறை அனுமதிக்கு முன் கேட்டதை ஆய்வேட்டில் சேர்க்க முடியாது, பின்னால் முறைப்படி மறுபடி கேட்க வேண்டும். அதனால் இப்போது பதிவு எதுவும் வேண்டாம், பேத்தியாக உட்கார்ந்து கேள். ஆயாக்கொட்டகை எங்கே இருந்தது, ஆயா யார், அவர் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள். அம்மாவுக்கு அன்று ஷிப்ட் இல்லையென்றால் அவரையும் பக்கத்தில் உட்காரச் சொல்.

அன்புடன்,
அக்கா