நமீபியாவில் வழிகாட்டி இல்லாமல் நாமே வண்டி ஓட்டிக் காட்டுவிலங்குகள் பார்க்க 12 இரவு போதுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: வீட்டில் நான்கு பேர், அதில் ஒருவர் வயதானவர். ஆகஸ்டில் 12 இரவு இருக்கிறது. எட்டோஷா வனவிலங்குப் பூங்கா, சோசஸ்ஃப்ளே மணல்மேடுகள், கடற்கரை ஊரான ஸ்வாகோப்முண்ட், ஃபிஷ் ரிவர் பள்ளத்தாக்கு, ஜாம்பேசி பகுதி, முடிந்தால் எல்லை தாண்டி விக்டோரியா அருவி. வழிகாட்டி வைக்காமல் நாமே ஓட்டினால் பாதுகாப்பா?

வழிகாட்டி இல்லாமல் தாராளமாகப் போகலாம். இந்தப் பட்டியலோடு போக முடியாது.

என் அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு அந்த நாட்டை ஓட்டிப் பார்த்தவள் நான். ஸ்டியரிங் முழுக்க என் கையில்தான் இருந்தது. கிளம்பும் முன் எத்தனையோ பேர் பயமுறுத்தினார்கள். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை. நான் வனவிலங்கு நிபுணர் இல்லை. என்னைவிட அனுபவம் உள்ளவர்கள் இங்கே இருப்பார்கள், அவர்கள் வேறு மாதிரி சொன்னால் அதையும் கேளுங்கள். நான் பார்த்ததையும் செய்ததையும் மட்டும் சொல்கிறேன்.

வரைபடத்தில் தூரத்தைப் பார்த்துத்தான் திட்டம் போட்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நமீபியாவில் தூரத்தை வைத்துத் திட்டம் போட்டால் எல்லாமே தப்பாகும். தலைநகர் விண்டூக்கிலிருந்து எட்டோஷாவின் ஒகாகுவேயோ முகாம் சுமார் 430 கிலோமீட்டர். முழுக்கத் தார் ரோடு, ஐந்து மணி நேரத்தில் போய்விடலாம். அதே விண்டூக்கிலிருந்து சோசஸ்ஃப்ளேக்குப் பக்கத்திலுள்ள செஸ்ரீம் சுமார் 320 கிலோமீட்டர்தான். ஆனால் பெரும்பாலும் சரளை ரோடு, நடுவில் மலை இறக்கம் வேறு. அதற்கும் ஏறக்குறைய அதே ஐந்து மணி நேரம் ஆகும். ஃபிஷ் ரிவர் பள்ளத்தாக்கு தெற்குக் கோடி, விண்டூக்கிலிருந்து 650 கிலோமீட்டர். ஜாம்பேசி பகுதியின் கட்டிமா முலிலோ வடகிழக்குக் கோடி, 1,200 கிலோமீட்டருக்கு மேல். இரண்டையும் 12 இரவுக்குள் வைத்தால் விலங்கு பார்க்க நேரம் இருக்காது. பெட்ரோல் பங்குகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

அதனால் அந்த இரண்டையும், விக்டோரியா அருவியையும் எடுத்துவிடுங்கள். மனசு கேட்காது, தெரியும். இருந்தாலும் எடுத்துவிடுங்கள். விண்டூக்கில் ஓர் இரவு தூங்கிக் களைப்பு தீர்ந்தபின் வண்டியை எடுங்கள். செஸ்ரீமில் இரண்டு இரவு, ஸ்வாகோப்முண்டில் இரண்டு, வடமேற்கே டமாராலாந்துப் பகுதியில் ட்வைஃபல்ஃபோன்டைன் பக்கம் இரண்டு, எட்டோஷாவில் நான்கு, திரும்பும் வழியில் வாட்டர்பெர்க் மலையடிவாரத்தில் ஒன்று. எட்டோஷாவுக்கு நான்கு இரவு அதிகம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் பூங்கா 22,000 சதுர கிலோமீட்டருக்கும் பெரியது.

நீங்கள் எண்ண வேண்டியது பகல் வெளிச்சத்தை. ஊருக்கு வெளியே இருட்டில் ஓட்டவே கூடாது. குடூ மான் திடீரென்று ரோட்டுக்குள் பாயும், காட்டுப்பன்றி ஓரத்திலேயே மேய்ந்துகொண்டு நிற்கும். இரவில் இடித்தால் காப்பீடு கிடையாது என்று வாடகை ஒப்பந்தங்கள் பலவற்றில் எழுதியே இருக்கும். பூங்காவுக்குள் இன்னும் கண்டிப்பு: சூரியன் உதித்ததும் முகாம் கதவு திறக்கும், மறைவதற்குள் நீங்கள் உள்ளே இருக்க வேண்டும். அன்றைய நேரத்தை வாசலிலேயே எழுதி வைத்திருப்பார்கள். வேக வரம்பு 60. இதையெல்லாம் சட்டமாக மட்டும் பார்க்காதீர்கள். அந்தக் கட்டுப்பாடுகள் ஏன் இருக்கின்றன என்று எனக்கு ஒரு மாலையில் விளங்கியது.

ஹலாலி முகாமுக்கு மேற்கே ரீட்ஃபோன்டைன் நீர்நிலையில் மதியத்திலிருந்து உட்கார்ந்திருந்தோம். எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். ஸ்பிரிங்பாக் மான் கூட்டம், வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி என்று ஒவ்வொன்றாக அதுவே வரும். ஒட்டகச்சிவிங்கி முன்காலை அகட்டிக் குனியப் பார்க்கும், சந்தேகப்பட்டு நிமிர்ந்துவிடும், மறுபடி குனியும். ஒரு வாய் தண்ணீருக்கு அது படும் பாட்டை அம்மா கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். முகாமுக்கு அரை மணி நேர ஓட்டம்தான். ஆனாலும் கதவு மூட ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே கிளம்பிவிட வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதியிருந்தேன். அப்படியே கிளம்பினோம்.

பாதி வழியில் ஒரு கொம்பன் ரோட்டின் நடுவே எங்களைப் பார்த்து நடந்து வந்தது. எட்டோஷாவின் உப்புப் படுகைப் பக்கம் மண் வெள்ளை. அதைப் பூசிக்கொண்ட யானையும் சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெளேரென்றுதான் இருக்கும். அந்த வெள்ளைக் கன்னத்தில் கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலிருந்து கருப்பாக ஒரு ஈரக்கோடு வாய்வரைக்கும் வழிந்திருந்தது. மதநீர். பின்னங்காலின் உள்பக்கமும் நனைந்திருந்தது. மதத்தில் இருக்கும் ஆண் யானைக்கு வழிவிடுவது தவிர வேறு வேலை நமக்கு இல்லை. நான் ரிவர்ஸ் கியர் போட்டு மெதுவாகப் பின்னால் எடுத்தேன். அது நின்றால் நானும் நிற்பேன், நடந்தால் மறுபடி பின்னால் எடுப்பேன்.

அதற்குள் பின்னால் ஒரு வண்டி வந்துவிட்டது. அதை ஓட்டியவர் ஹாரன் அடித்தார். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பின்னால் போகச் சொல்லித் தம்பி சைகை காட்டினான். அவர் ஓரமாக ஒதுங்கி எங்களைத் தாண்டிப் போகப் பார்த்தார். யானை அப்போது தலையை உயர்த்திக் காதை விரித்து நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அவர் பின்னால் எடுக்க, நானும் பின்னால் எடுக்க, ரோடு கொஞ்சம் அகலமான இடத்தில் இரண்டு வண்டியும் ஒதுங்கின.

"மணி ஆகுதே, கதவ மூடிட்டா?" என்றான் தம்பி.

"அவசரப்படாதடா. அது அதோட ரோடு. போகட்டும்" என்றார் அம்மா. வீட்டில் கேஸ் அடுப்பு கொஞ்சம் சத்தம் போட்டாலே பதறுகிறவர் அவர்.

யானை எங்கள் பக்கத்தில், ஒரு வண்டி நிறுத்தும் அளவு இடைவெளியில், திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது. காட்டமான ஒரு வாடை மட்டும் காருக்குள் கொஞ்ச நேரம் நின்றது. கதவு மூட நேரம் மீதி இருக்கும்போதே ஹலாலிக்குப் போய்விட்டோம். கடைசி நிமிடம் வரை நீர்நிலையில் இருந்திருந்தால் அந்த இடத்தில் காத்திருக்க எனக்கு நேரமே இருந்திருக்காது. அங்கே விபத்துகள் அவசரத்தில்தான் நடக்கும். முகாமுக்குத் திரும்பும் நேரத்தை முதலில் எழுதிவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி அந்த நாளை அமையுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

'மத யானை முன்னால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனது பொறுப்பில்லாத செயல்' என்று சிலர் சொல்லக்கூடும். யானை இருக்கும் நாட்டுக்குப் போனால் யானை வரத்தான் செய்யும். வந்தால் என்ன செய்வது என்று படித்துவிட்டுப் போனோம், அப்படியே செய்தோம். நீங்களும் தாய் யானைக்கும் அதன் குட்டிக்கும் நடுவே வண்டியை நுழைக்காதீர்கள். எங்கே நிறுத்தினாலும் பின்னால் போக வழி வைத்துக்கொண்டு நிறுத்துங்கள். வேலி போட்ட கழிப்பிடம் தவிர வேறெங்கும் காரைவிட்டு இறங்காதீர்கள்.

அப்புறம், நீங்கள் இரவில் வெளியே போக வேண்டிய தேவையே இல்லை. ஒகாகுவேயோ முகாமின் விளிம்பில் விளக்குப் போட்ட நீர்நிலை ஒன்று உண்டு. தாழ்ந்த மதிலுக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் நாம், அந்தப் பக்கம் கருப்புக் காண்டாமிருகம். ஹலாலியிலும் மொரிங்கா என்று ஒன்று இருக்கிறது. நடக்க முடியாத பெரியவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது. அதனால் முகாமுக்குள்ளேயே தங்குங்கள். ஆகஸ்ட் வறண்ட காலம், நீர்நிலையில் கூட்டம் கூட்டமாக விலங்குகள் சேரும். ஆட்களும் சேருவார்கள். இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். காண்டாமிருகத்தைப் படம் எடுத்தால், எந்த இடம், எந்த நேரம் என்று போட்டுப் பகிராதீர்கள். வேட்டைக்காரர்களும் அதையெல்லாம் பார்க்கிறார்கள்.

உள்ளூர் வழிகாட்டி வேண்டும் என்று நான் சொல்வது ஓர் இடத்துக்கு மட்டும்: டமாராலாந்தின் வறண்ட ஆற்றுப் படுகைகள். ஹுவாப், ஹோவானிப் பக்கம் பாலைவனத்துக்குப் பழகிய யானைகள் மணலில் நடக்கும். அங்கே தனி வண்டியாக இறங்கி மாட்டிக்கொண்டால் போனில் சிக்னல்கூட இருக்காது. 1996-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு நமீபியாவில் கிராமத்து மக்களே தங்கள் நிலத்தைக் காப்புப் பகுதியாகப் பதிந்து, அங்கே வரும் சுற்றுலா வருமானத்தை எடுத்துக்கொள்ள முடிகிறது. அப்படிப்பட்ட இடத்தில் தங்கி, அவர்கள் ஆளையே அரை நாள் கூட்டிக்கொண்டு போங்கள். யானை வந்து தண்ணீர்த் தொட்டியை உடைத்தால் நஷ்டம் அவர்களுக்குத்தான். வருமானமும் அவர்களுக்குப் போக வேண்டும்.

சரளை ரோட்டைப் பற்றி. தார் ரோட்டில் நாம் ஓட்டிய பழக்கம் அங்கே உதவாது. வாடகைக்காரர்களின் வரம்பு பெரும்பாலும் 80, எனக்கு 70-ஏ போதுமாக இருந்தது. ரோடு குறுக்கே வரிவரியாக மேடுபள்ளமாக இருக்கும். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் ஆட்டமும் குறையும், பஞ்சரும் குறையும். எவ்வளவு என்று வண்டி தருகிறவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வளைவில் பிரேக்கை அழுத்தாதீர்கள், ஸ்டியரிங்கை வெட்டி ஒடிக்காதீர்கள். எதிரே வண்டியே இல்லாத ரோட்டில் தானாக உருண்டு கவிழ்வதுதான் அங்கே வெளிநாட்டவர்களுக்கு அதிகம் நடக்கும் விபத்து. இரண்டு ஸ்டெப்னி கேளுங்கள். கீழே மாட்டியிருக்கும் ஸ்டெப்னியை எப்படி இறக்குவது என்று அங்கேயே செய்து காட்டச் சொல்லுங்கள். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டு இல்லாவிட்டால் மணலில் ஜாக்கி புதைந்துவிடும். பங்க் கண்ட இடத்தில் எல்லாம் டேங்கை நிரப்புங்கள். கையில் ரொக்கம் வையுங்கள். நமீபிய டாலரும் தென்னாப்பிரிக்க ராண்டும் ஒரே மதிப்பு, அங்கே இரண்டும் செல்லும். டமாராலாந்திலிருந்து வடக்கே போகிறவர்கள் திரும்பும்போது பச்சை இறைச்சி வைத்திருக்கக் கூடாது. கால்நடை நோய்த் தடுப்பு வேலியில் வண்டியைச் சோதிப்பார்கள்.

இனி வருவது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது. ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வண்டி எடுத்த இடத்தில் ஒப்பந்தம் என் பெயரில், கார்டு என் பெயரில், உரிமம் என்னுடையது. சாவியைத் தம்பியிடம் நீட்டினார்கள். ஃபோர் வீல் டிரைவ் எப்படிப் போடுவது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அவனுக்கு ஸ்கூட்டர் மட்டும்தான் ஓட்டத் தெரியும். பங்கில், முகாமில், வழியில் பேச்சுக் கொடுத்த பயணிகளிடம், எல்லா இடத்திலும் இதே கதை. ஊருக்கு வந்த பிறகு சொந்தக்காரர்களும் அவனிடம்தான், "யானை வந்தப்ப எப்படிப்பா சமாளிச்ச?" என்று கேட்டார்கள். பாவம், அவன் ஒவ்வொரு முறையும் "அக்காதான் ஓட்டினா" என்று சொல்லிச் சொல்லிச் சலித்துப்போனான். இதை எழுதினால் சிலருக்குப் பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும். உங்கள் வீட்டில் நன்றாக ஓட்டுவது உங்கள் மனைவி என்றால் அவர் பெயரிலேயே வண்டியை எடுங்கள்.

பெயர் விஷயத்தில் இன்னொன்று. பெரும்பாலும் ஓட்டுபவர் பெயரில் உள்ள கிரெடிட் கார்டைத்தான் முன்பணத்துக்குக் கேட்பார்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியோடு உங்கள் அசல் உரிமத்தையும் கையில் வையுங்கள், சோதனைச் சாவடியில் கேட்பார்கள். டயர், முன்கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் ஆகிய மூன்றும் சாதாரணக் காப்பீட்டில் வராமல் இருக்கலாம். கூடுதல் பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் வண்டியைத் திரும்பக் கொடுத்துப் பல நாள் கழித்து, முன்கண்ணாடியில் கல் தெறித்ததாக என் கார்டில் பணம் எடுத்தார்கள். எடுக்கும்போதே அந்தப் புள்ளி இருந்தது. தேதியோடு வீடியோ எடுத்து வைத்திருந்தேன். அனுப்பி, சண்டை போட்டு, பணத்தைத் திரும்ப வாங்கினேன். நிறுவனத்தின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்வதாக இல்லை. நீங்கள் வண்டியைச் சுற்றி வந்து, கண்ணாடி, நான்கு டயர், இரண்டு ஸ்டெப்னி, அடிப்பாகம் எல்லாவற்றையும் சாவி வாங்குவதற்கு முன்பே வீடியோ எடுத்துவிடுங்கள்.

இப்போதைக்கு எட்டோஷாவின் நான்கு இரவை முதலில் பதிவு செய்யுங்கள், இரண்டு ஒகாகுவேயோவில், ஒன்று ஹலாலியில், ஒன்று நமுட்டோனியில். அந்தத் தேதி கிடைத்த பிறகு மற்ற ஊர்களை அதற்கு முன்னும் பின்னும் அடுக்குங்கள். விமானச் சீட்டு அதற்குப் பிறகு.