எல்நினோவுக்கும் முல்லைத்தீவில் சூடை குறைவதற்கும் என்ன தொடர்பு?

தொடர்பு உண்டு, ஆனால் சுற்றி வருகிற தொடர்பு. எல்நினோ என்பது பசிபிக் சமுத்திரத்தின் நடுவும் கிழக்கும் வழக்கத்தை விடச் சூடேறுகிற நிலை; சூடை என்பது மத்தி வகைச் சிறு மீன். எங்கள் வீட்டில் கரைவலைத் தொழில் என்பதால் இந்தக் கேள்வி எனக்கும் பெரிய கேள்விதான்.

சூடை வெட்டும்போது குடலைக் கீறிப் பாருங்கள். பச்சையும் பழுப்புமாக ஒரு பசை விரலில் ஒட்டும். தாவர பிளாந்தனும் (கடலில் மிதக்கும், கண்ணுக்குத் தெரியாத நுண்தாவரங்கள்) அதைத் தின்னும் நுண்ணுயிர்களும்தான் அது. உலகத்தில் நடக்கும் ஒளித்தொகுப்பில் கிட்டத்தட்டப் பாதியைச் செய்வது இந்தப் பிளாந்தன்கள். அவற்றுக்கு வெயிலும் வேண்டும், நைத்திரேற்று, பொசுபேற்று, இரும்பு போன்ற போசணையும் வேண்டும். வெயில் மேலே; போசணை பெரும்பாலும் அடியில், இருட்டில். அடித்தண்ணீர் மேலே வருமா என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கிறது.

பெருவில் எல்நினோ வந்தால் மேலே வரும் தண்ணீரில் போசணை குறைந்துவிடும். 1972-73 இல் அங்கே நெத்தலித் தொழில் படுத்ததற்கு அதுவும், அளவுக்கு மீறிப் பிடித்ததும் சேர்ந்தே காரணம்.

நம் வங்காள விரிகுடா வேறு மாதிரி. கங்கை, பிரமபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி எல்லாம் அதற்குள்தான் கொட்டுகின்றன. குழம்பின் மேல் எண்ணெய் நிற்கிற மாதிரி அந்த நன்னீர் உப்புத் தண்ணீரின் மேல் நிற்கும். சாதாரணக் காற்று அதைக் கலக்கி அடித்தண்ணீரை எடுக்காது. அரபிக்கடலை விட இங்கே பிளாந்தன் குறைவாக இருப்பதற்கு இது முக்கிய காரணம். வாடைக் காலத்தில் (வடகிழக்குப் பருவக்காற்று) இந்த உப்புக் குறைந்த தண்ணீர்தான் இந்தியக் கிழக்குக் கரையோரமாக இறங்கி நம் பக்கம் வருகிறது. சோளகக் காலத்தில் (தென்மேற்குப் பருவக்காற்று) நிலைமை மாறும்: இலங்கைக்குக் கிழக்கே ஆழ்கடலில் குளிர்ந்த தண்ணீர் மேல்நோக்கி உயர்ந்து பிளாந்தன் பெருகும்.

புயலும் கலக்கும். 2020 டிசம்பரில் புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது நமக்கு இருந்த பயமெல்லாம் கூரையைப் பற்றித்தான். ஆனால் விரிகுடாவில் புயல் போன தடம் சில நாட்களில் பச்சை பிடிப்பதைச் செய்மதிப் படங்கள் பல தடவை காட்டியிருக்கின்றன.

எல்நினோவை விட நமக்குக் கிட்ட இருப்பது இந்து சமுத்திர இருமுனை, அதாவது இந்து சமுத்திரத்தின் ஒரு பக்கம் சூடேற மறுபக்கம் குளிர்வது. 1997 இல் இரண்டும் சேர்ந்து வந்தன. சுமாத்திரா, ஜாவாப் பக்கம் குளிர்ந்த தண்ணீர் மேலே வந்து, வழக்கமாகப் பிளாந்தன் குறைந்த கடல் பச்சையானது. ஆபிரிக்கப் பக்கம் கடல் சூடேறியது. அப்படியான வருடங்களில் வன்னியில் ஐப்பசி முதல் மார்கழி வரை மழை கூடுவது வழக்கம். குளங்கள் வான் பாயும், நந்திக்கடல் களப்பு நிரம்பும், வெள்ளம் சேற்றோடு போசணையையும் கரைக்கடலுக்குக் கொண்டு போகும்.

அதற்காகப் பிடி குறைந்த எல்லா வருடத்தையும் எல்நினோ தலையில் கட்டக்கூடாது. இழுவைமடி (படகால் கடலடியோடு இழுக்கும் வலை) இலங்கையில் 2017 இல் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. அது கடலடியைச் சுரண்டிப் போட்ட இடத்தில் பிளாந்தன் எவ்வளவு இருந்தும் மீன் உடனே திரும்பாது.

இன்னொரு சிக்கல்: கரையோரக் கலங்கலில் செய்மதியால் பச்சையையும் சேற்றையும் பிரித்துக் காண்பது கடினம், மாரியில் முகிலும் மறைத்துவிடும். ஆகவே கொக்கிளாய் முதல் சாலை என்ற ஊர் வரை தண்ணீரின் உப்பையும் வெப்பத்தையும் கிழமைக்கு ஒருதரமாவது அளந்து, அன்றைய சூடைப் பிடியோடு சேர்த்து எழுதி வைக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளே இதைச் செய்யலாம். சங்கங்கள் கருவி வாங்கிக் கொடுத்தால் போதும்.