உடல் அழகும் இனமும்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

அழகின் வரலாறு, அதற்குள் இனம் நுழைந்த விதம்: என் எல்லை இவ்வளவுதான். எடை குறைக்க வழி கேட்பவர்கள் மருத்துவரிடம் போங்கள்.

நிலா: ஒரு காலத்தில் குண்டாக இருப்பதுதான் அழகாமே? ரூபன்ஸ் ஓவியங்களே அதற்குச் சாட்சிதானே, மேடம்?

பாதிச் சாட்சி. ஃபிளாண்டர்ஸ் ஓவியர் ரூபன்ஸ் (1577–1640) சதைப்பிடிப்பான பெண்களை ரசித்து ரசித்து வரைந்தவர். அதே மனிதர், பழைய சிலைகளைப் பார்த்து வரைவது பற்றி லத்தீனில் எழுதிய குறிப்பில், தன் காலத்து ஆட்கள் உடம்பை அசைக்காமல் தொப்பை போட்டுவிட்டார்கள் என்று புலம்பவும் செய்கிறார். ஓவியத்தை வைத்து ஊரின் ரசனையை அளக்காதீர்கள்.

தேன்மொழி: இதில் இனம் எப்போது வந்து சேர்ந்தது?

நல்ல கேள்வி, கொஞ்சம் நீட்டுகிறேன். 1684இல் பெர்னியே என்ற பிரெஞ்சு மருத்துவர் மனிதர்களை இனவாரியாகப் பிரித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அதிலேயே எந்தப் பகுதிப் பெண்கள் அழகு என்ற பேச்சு கணிசமாக உண்டு. 1795இல் ஜெர்மனியின் மருத்துவப் பேராசிரியர் புளூமன்பாக், ஒரு ஜார்ஜியப் பெண்ணின் மண்டையோட்டைத்தான் ஆக அழகானது என்று வைத்து ‘காகேசிய’ (வெள்ளை) இனத்துக்குப் பெயர் சூட்டினார். இத்தனைக்கும் அவர் ஆப்பிரிக்கர்களின் அறிவுத்திறனுக்காக வாதாடியவர். நல்லவர் கையிலும் அழகு அளவுகோலாகிவிட்டது.

அப்புறம் சாரா பார்ட்மன். தென்னாப்பிரிக்காவின் கொய்கொய் என்ற பழங்குடியைச் சேர்ந்த பெண். 1810இல் லண்டனுக்குக் கொண்டுபோய், அவருடைய பெரிய பின்புறத்தைக் காசு வாங்கிக்கொண்டு காட்டினார்கள். பிறகு பாரிஸ், 1815இன் கடைசியில் அங்கேயே இறந்தார். குவியே என்ற புகழ்பெற்ற விலங்கியலாளர் உடலை அறுத்து ஆராய்ந்து, 1817இல் அறிக்கை வெளியிட்டார். சாராவுக்கு நல்ல ஞாபகசக்தி, டச்சு நன்றாகப் பேசுவார், கை அழகானது என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறார். அதே அறிக்கையில் அவரைக் குரங்கோடும் ஒப்பிடுகிறார். கண்ணெதிரே இருந்த மனுஷியைவிட முன்முடிவு பெரிதாகிவிட்டது. அந்த எலும்புக்கூட்டை 1970கள் வரை பாரிஸ் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். 2002 ஆகஸ்ட் 9இல்தான் சொந்த மண்ணில் அடக்கம் செய்தார்கள்.

வழிப்போக்கன்: ஆதிமனிதன் குண்டுப் பெண்ணைத்தானே வணங்கினான்? வில்லண்டார்ஃப் சிலை?

ஆஸ்திரியாவில் கிடைத்த கற்காலப் பெண் உருவம், 11 சென்டிமீட்டர் பொம்மை. எதற்காகச் செய்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. சிலையை வைத்தும் அளக்காதீர்கள்.

கணக்கன்: எதற்கு இவ்வளவு சுற்றல்? சோறு கிடைக்காத காலத்தில் சதை பணக்கார அடையாளம். சோறு மலிந்ததும் ஒல்லி அழகு. இனமெல்லாம் பின்னால் ஒட்டியது.

பசிக் கணக்கில் உண்மை இருக்கிறது. ஆனால் அது மட்டும் போதுமென்றால், எல்லார் சதைக்கும் ஒரே மதிப்புக் கிடைத்திருக்க வேண்டுமே? அன்றைய வேல்ஸ் இளவரசரின் தொப்பையையும் லண்டன் கேலிச்சித்திரக்காரர்கள் விடவில்லை. அங்கே அது ஒரு தனிமனிதனின் பெருந்தீனி. சாராவின் உடம்போ ஓர் இனத்தின் இயல்பு என்றானது. அந்த வித்தியாசம் சோற்றிலிருந்து வரவில்லை.

முகில்: என் உயரம் 160, எடை 68. நான் குண்டா?

மருத்துவர்.

தமிழ்ச்செல்வி: பி.எம்.ஐ. இனவெறிக் கருவி என்கிறார்களே?

பி.எம்.ஐ. என்பது கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண். அதை உருவாக்கிய நோக்கம் வேறு. பெல்ஜியத்தின் புள்ளியியலாளர் கெட்லே 1830களில் தேடியது ‘சராசரி மனிதனை’, நோயாளியை அல்ல. 1972இல் அமெரிக்காவின் உடலியல் ஆய்வாளர் கீஸ் அதற்கு இன்றைய பெயரை வைத்தார். அவர் ஆய்வில் இருந்தவர்கள் ஆண்கள் மட்டும். 1998இல் அமெரிக்கா கூடுதல் எடைக்கான எல்லையை 25க்கு இறக்கியதும், ஒரு கிலோகூட ஏறாமல் பலர் ‘கூடுதல் எடை’ ஆனார்கள். ஆசியர்களுக்கு 23இலிருந்தே கவனம் தேவை என்றது உலக சுகாதார அமைப்பின் 2004 நிபுணர் குழு. இந்த எண்ணுக்குள் அழகைத் தேடாதீர்கள்.

பனித்துளி: ரூபன்ஸ் காலத்தில் குண்டுதானே...

மேலே போய்ப் படிக்கவும்.

ஆதிரை: அழகிப் போட்டிகள்?

போட்டியாளர் வெள்ளை இனத்தவராக இருக்க வேண்டும் என்று 1930களில் மிஸ் அமெரிக்கா விதியே வைத்திருந்தது. ஒரு கருப்பினப் பெண் முதன்முதலாக அங்கே முடிசூடியது 1983இல்.

கணக்கன்: விடமாட்டேன். 1863இல் பான்டிங் என்ற ஆங்கிலேயர் ஒல்லியாகும் வழி பற்றிப் புத்தகமே போட்டாரே. அதில் இனம் எங்கே?

இல்லைதான். சவப்பெட்டித் தொழில் செய்தவர். 202 பவுண்டு எடை. குனிந்து ஷூ கட்ட முடியாது, மாடிப்படியில் பின்புறமாகத்தான் இறங்குவார், தெருவில் கேலி வேறு. அவருடைய கஷ்டம் நிஜம். ஒல்லி ஆசை எல்லாமே இனத்திலிருந்து வந்தது என்று நான் எங்கே சொன்னேன்? என் கேள்வி வேறு: பான்டிங்கை யாரும் ஆங்கிலேயருக்கு உதாரணமாகக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லையே, ஏன்? பசிக் கணக்கிலேயே இதற்குப் பதில் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.

கிளி: மோனாலிசா குண்டா, ஒல்லியா?

ரூபன்ஸுக்குச் சொன்னதேதான்.