மாட்டை மணிக்கணக்கில் வீடியோ எடுத்தால் அது கலையா?

விலங்குகளை நெடுநேரம் படம்பிடித்துக் காட்டுவதை வீடியோ கலை என்கிறார்களே, அதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ கண்காட்சியில் பொறுமை போய்ப் பாதியில் வெளியே வந்திருப்பீர்கள். தப்பில்லை. நானும் எழுந்து போகப் பார்த்தவன்தான்.

நான் கல்யாண வீடியோ எடுப்பவன். ஒரு பயிலரங்கில், அமெரிக்கக் கலைஞர் பில் வயோலா 1986-இல் எடுத்த 89 நிமிடப் படைப்பைப் போட்டார்கள். ‘நான் எதைப் போன்றவன் என்று அறியேன்’ என்று பொருள்படும் தலைப்பு, ரிக் வேதத்து வரி. காட்டெருமைகள் மேய்கின்றன, நிற்கின்றன. அப்புறம் ஒரு ஆந்தை. அதன் கண்ணை நெருங்கிக்கொண்டே போனால், கருவிழிக்குள் வயோலாவே தெரிகிறார். கடைசிப் பகுதியில் பிஜித் தீவின் சுவா நகரில் தீமிதி! கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய நம் பக்கத்துச் சனங்கள் கொண்டுபோன வழக்கம். நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வருடப் பங்குனியில் அம்மா எங்கள் பசுவை விற்க முடிவு செய்தார். முட்டிவலி, பால் கறக்க முடியவில்லை. முந்தின நாள் சாயங்காலம் தொழுவத்தில் கேமராவை வைத்தேன். அது மிரண்டு காதை விடைத்தது. நான் ஜூமைத் தொடும்போதெல்லாம் அசை போடுவதை நிறுத்தியது. சரி என்று கையை எடுத்துவிட்டுச் சாணித்தரையிலேயே உட்கார்ந்தேன். கால் மணி நேரம் கழித்து, அதன் தொண்டையில் ஒரு உருண்டை மேலே ஏறியது. தாடை அசைய ஆரம்பித்தது. மனசு அடங்கினால்தான் மாடு அசை போடும் என்பார் அம்மா. என்னைப் பக்கத்தில் இருக்க விட்டது என்று அப்போதுதான் புரிந்தது.

மாடு என்னோடு பேசியது என்று கதை விடவில்லை. மிருகத்தைக் கட்டிப்போட்டு வதைத்து எடுப்பவர்களுக்கு வக்காலத்தும் வாங்கவில்லை. அதையெல்லாம் கலை என்று நானும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் பார்க்கப் பொறுமை வேண்டும். இப்போது எல்லோருக்கும் முப்பது விநாடி ரீல்ஸ்தான் கணக்கு. போன ஆவணியில் ஒரு வீட்டார், தாலி கட்டும் காட்சியே நீளமாக இருக்கிறது என்றார்கள்.

பசுவின் வீடியோ 52 நிமிடம். ஒரு வெட்டு இல்லை. அம்மா மாதம் ஒரு முறையாவது போடச் சொல்வார். சத்தத்தை மட்டும் கூட்டி வைக்கச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அது அசை போடுவதைக் கேட்பார்.