திரையில் பேசும் உதவியாளரே போதாதா, ரோபோவுக்கு உடம்பு எதற்கு?

என்ன வேலைக்கு என்பதைப் பொறுத்தது. ஆனால் இரண்டையும் நாம் ஒரே மாதிரி நடத்துவதில்லை என்பது மட்டும் உறுதி. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். போனில் பேசும் உதவியாளரைப் பாதிப் பேச்சிலேயே வாயடைத்துவிடுவேன், ஒரு கூச்சமும் வராது. அதே நான், தரை பெருக்கும் ரோபோ பக்கத்தில் வந்தால் காலைத் தூக்கி வழிவிடுகிறேன். தெரியாமல் இடித்துவிட்டால் 'அடடா, சாரி' என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். அதற்குக் காதே கிடையாது!

முகதாட்சண்யம் என்கிறோமே, அதுதான் இங்கே வேலை செய்கிறது என்பது என் எண்ணம்.

யேல் பல்கலைக்கழகத்தில் நிக்கோ என்ற ரோபோவை வைத்து ஒரு சோதனை செய்தார்கள், 2011இல் வெளியானது. சிலருக்கு நிக்கோ எதிரிலேயே இருந்தது, சிலருக்கு நேரலை வீடியோவில். புத்தகங்களை இங்கே வை, அங்கே வை என்று காட்டியபோது இரு தரப்பும் சொன்னபடி செய்தார்கள். அப்புறம் ஒரு அடுக்குப் புத்தகத்தைக் குப்பைத்தொட்டியில் போடச் சொன்னது. நல்ல புத்தகத்தை யார் குப்பையில் போடுவார்கள்? எதிரில் இருந்த நிக்கோ கேட்டபோது போட்டவர்கள்தான் அதிகம். அதை ஒட்டிப் போகாமல் கொஞ்சம் இடம்விட்டும் நடந்துகொண்டார்கள்.

அப்படியானால் உடம்புதான் காரணமா? வீடியோவில் வந்ததும் அதே உடம்புதானே! எதிரிலேயே இருப்பதுதான் காரணம். ஆய்வாளர் ஜேமி லி 2015இல் 33 சோதனை ஆய்வுகளை அலசி எழுதியதும் இதையே காட்டுகிறது. நேரில் இருக்கும் ரோபோவின் பேச்சு எடுபடுகிறது. அதையே திரைக்குள் காட்டினால், கணினியில் வரைந்த உருவத்தைவிடப் பெரிய மவுசு ஒன்றும் இல்லை.

தாட்சண்யம் இருக்கும் இடத்தில் ஒளிவுமறைவும் இருக்கும். சாரா கீஸ்லர் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு ரோபோவும் திரை உருவமும் ஆட்களிடம் உடல்நலம் பற்றிக் கேள்வி கேட்டன. ரோபோவிடம் மக்கள் ஈடுபாட்டோடு பேசினார்கள், ஆனால் தங்கள் கெட்ட பழக்கங்களை அதனிடம் குறைத்தே சொன்னார்கள். பேசியதையும் கூடுதலாக மறந்தார்கள். அது பக்கத்திலேயே இருந்தபோது சாப்பிட்டதும் குறைவாம், விருந்தாளி முன்னால் தட்டில் கை வைக்கத் தயங்குவதுபோல.

சரி, எனக்கு எது வேண்டும்? உடற்பயிற்சிக்கு விரட்ட ரோபோ வரட்டும். ராத்திரி எத்தனை மணிவரை விழித்திருக்கிறேன் என்று கேட்பது மட்டும் திரையாகவே இருக்கட்டும்.